கிளம்பிய இடம்

கல்யாண வீடுகளில் ட்ரோன் விடும் ரீகன், முதல்முறையாகக் கடலில், போட்டிலிருந்து அதைப் பறக்கவிட்டான். பாறையில் மாட்டிய வலையை எடுக்க முந்தின நாள் குதித்த பெஸ்கியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். திரையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. சார்ஜ் குறைந்ததும் ட்ரோன் தானாகத் திரும்பியது. ஆனால் போட்டுக்கு வரவில்லை. தூரத்தில், வெறுங்கடலுக்கு மேலே நின்று மெல்ல இறங்கத் தொடங்கியது.

“எங்கடே போவுது?” என்றார் பெஸ்கியின் அண்ணன் சிலுவை.

“கிளம்புன இடத்துக்குண்ணே. காத்து நம்மள இங்க தள்ளிட்டு வந்தது அதுக்குத் தெரியாது. இனி இங்க இழுக்க சார்ஜும் பத்தாது.”

சிலுவை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து மழை இருட்டுலயும் காத்து போட்டைத் தள்ளிட்டுடே. அவனும் முங்கி எழும்பி, குதிச்ச இடத்துலதான் எங்களத் தேடியிருப்பான்.”

ரீகனின் கையிலிருந்த திரையில் தண்ணீர் நெருங்கி வந்துகொண்டேயிருந்தது.