சோளக்குருவி பார்க்க வந்தவர்கள்

"அண்ணாச்சி, எட்டு மணி வரைக்கும் கூடவே இருக்கணும். நீங்க இல்லாம எங்களுக்கு ஒண்ணும் பிடிபடாது" என்றார் அன்வர். சிவகாசியிலிருந்து பறவை பார்க்க ஆட்களைக் கூட்டி வந்திருந்தவர் அவர்தான்.

பெத்தணன் அவர்களோடு வெம்பக்கோட்டை அணைக்கரையில் நடந்தார். பங்குனியில் வடக்கே திரும்பும் சோளக்குருவிகள் காலையில்தான் கூட்டமாக இரைக்கு இறங்கும். அவருடைய சோளமோ முற்றி நின்றது. தினமும் விடிந்ததும் நாலு வெடியைக் கொளுத்தித்தான் குருவிகளைக் கிளப்பி விடுவார். இன்றைய வெடிகள் மடியிலேயே இருந்தன. ஆனால் கூட நடப்பவர்களில் ஒருவர் வனத்துறை அதிகாரி.

"வயித்த வலிக்கு சார். வீட்டுக்குப் போயிட்டு வந்துருதேன்."

"என்கிட்ட மாத்திரை இருக்கு" என்றார் அதிகாரி. பெத்தணன் அதையும் வாங்கி விழுங்கினார்.

ஏழரை மணிக்கு அன்வர் தொலைநோக்கியை உயர்த்தினார். "அந்தா, அந்தச் சோளக்காட்டுல பாருங்க. எம்புட்டுக் கூட்டம்."

பெத்தணனுக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. தன் காடு அவருக்குத் தெரியாதா?

அன்வர் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பெத்தணன் கேட்டார். "எனக்குக் குருவியைப் பத்தித் தெரியும்னு யாரு தம்பி சொன்னா?"

"உங்க பக்கத்துக் காட்டு மாரித்தாய் அக்காதான். 'தெனமும் அம்புட்டுக் குருவியையும் எங்க காட்டுக்கு அனுப்பி வைக்கிறவரு அவருதான், எட்டு மணி வரைக்கும் விட்டுராதீக'ன்னு சொன்னாக."