புதியவர்களுக்கு மட்டும்

பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள ஒரு மானைச் சுட விலை அறுநூறு பவுண்டு. மான் விழாவிட்டாலும் பணம் திரும்பாது. ஸ்காட்லாந்து மலையடிவாரத்தில் வேட்டை வழிகாட்டி லாக்லன் அதை எண்ணி வாங்கிக்கொண்டார்.

முதன்முறை வேட்டைக்கு வந்த லண்டன்காரர் வின்டர்ட்டன் கெஞ்சினார். "கொம்போட வர்றேன்னு மாமனார்கிட்ட சவால் விட்டிருக்கேன். மானத்தைக் காப்பாத்துங்க."

"சொல்றபடி செய்யுங்க சார். பேசாதீங்க. வயித்தை மண்ணுல ஒட்டி ஊர்ந்து வாங்க. காத்து முதுகுல அடிக்கட்டும், அப்பத்தான் கை விறைக்காது."

ஈரப்புல்லில் ஒரு மணிநேரம் ஊர்ந்தார்கள். துப்பாக்கியைத் தூக்கியதும் மான் மூக்கை உயர்த்தியது, மறுகணம் காணவில்லை.

"சே! மூச்சுகூட விடலையே நான்!"

"உங்க மேல தப்பே இல்ல சார். மாமனாருக்கு வேட்டை தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப அடுத்த வருஷம் அவரையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் லாக்லனிடம் அவர் மனைவி மோராக் கேட்டாள்: "அனுபவசாலிங்க வந்தா மட்டும் ஏங்க இடமில்லைன்னு அனுப்பிடுறீங்க?"

"காத்து முகத்துல அடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். முதுகுல அடிச்சா, நமக்கு முன்னாடி நம்ம வாடை மான்கிட்ட போய்ச் சேர்ந்துடும்."

பிறகு நோட்டில் எழுதினார்:

மலையில் இருந்த மான், ஒன்று. இந்தப் பருவத்தில் விற்றது, பதினேழு முறை. மீதி, ஒன்று.