மாட்டிய கால்

விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சியின் கல்லறை விளக்கிலிருந்து சொட்டும் எண்ணெயைத் தொட்டு மகள் நோன்னாவின் சூம்பிய கால்களில் தேய்க்கிறாள் தாயெசே. இங்கே பாய் விரித்து இன்று நாற்பதாம் நாள். குணமானவர்கள் நன்றிக்கு மாட்டிய மண் கைகளும் மண் கண்களும் சுவரெங்கும் புகையேறித் தொங்குகின்றன. நேற்று அவளும் ஒரு மண் காலை முன்கூட்டியே மாட்டிவிட்டாள், அப்படியாவது வேதசாட்சிக்கு வெட்கம் வந்து குணமாக்கட்டும் என்று. வாசல் காக்கும் பாமோ அதைத் தட்டிப் பார்க்கிறார்.

"காலை மாட்டிட்டியே, பெறகென்னம்மா? பாயைச் சுருட்டு. வெளியே எத்தனை பேர் கெடக்காங்க."

"ஐயா, இன்னும் நடக்கலைய்யா."

"நடக்காமலா நன்றி சொன்னே? வேதசாட்சிகிட்டயே பொய்யா?"

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு மகளை இடுப்பில் தூக்குகிறாள். பாய் கிடந்த இடத்தில் அதற்குள் ஒரு குருடன் உட்கார்ந்துவிட்டான். பாமோ வெளியே பார்த்துக் கத்துகிறார்: "ஒரு கால் குணம்!" வெயிலில் கூட்டம் அல்லேலூயா பாடுகிறது. தாயெசேயின் இடுப்பில் கால்கள் ஈரத்துணியாய் ஆட, நோன்னா கேட்கிறாள்.

"யாருக்கும்மா சரியாச்சு?"