மறுபடியும் ஒரு கிண்ணம்

"சுரபாயா நகரத்திலேயே உப்புச் சப்பில்லாத சோத்தோ சூப் இதுதான்" என்று பாகஸ் நேற்றுத் தன் வலைப்பதிவில் கிழித்திருந்தான். இன்று காலை அந்த சூப் கடையில் நிங்சி அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவனே மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் என்னடா எழுத பாக்கி?"

"நேத்து ஒருவேளை உப்புப் போட மறந்திருப்பீங்க. இன்னிக்கும் குடிச்சுப் பாத்துட்டு, நியாயமா எழுதிடறேன்க்கா."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். கைகட்டி அவன் எதிரிலேயே நின்றாள்.

பாகஸ் பாதிக் கிண்ணத்தை நிதானமாகக் குடித்தான்.

"நேத்து மாதிரியே சப்புன்னுதான் இருக்கு. மன்னிச்சுக்குங்க, எழுதத்தான் போறேன்."

நிங்சியின் முகம் மாறியது. கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"எழுதறது கிடக்கட்டும் தம்பி, முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு. நீ துப்பணும்னே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டிருந்தேன்."