பால்கனியில் ஒரு பனி மிஷின்

"காலையில டூட்டிக்கு நான் எதப் போட்டுட்டுப் போவேன்? ஒத்தச் சாக்ஸோட போவட்டா?"

பால்கனி வாசலில் நின்று டெல்பின் கேட்டாள். கையில் அவள் நர்ஸ் உடுப்போடு போடும் வெள்ளைக் காலுறை ஒன்று இருந்தது. அதன் ஜோடியைப் பாதியாக வெட்டி, மிஷினின் ஏர் ஃபில்டருக்கு உறையாக மாட்டியிருந்தான் அவள் கணவன் பிரைட். மிஷினைச் சாய்த்துப் போட்டு அடியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அது பனி வாரும் மிஷின். குளிர் நாடுகளில் வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும் பனியை அள்ளி ஓரமாக வீசுவது. அது இருப்பதோ ஷார்ஜாவில், ஐந்தாவது மாடி ஃப்ளாட்டின் பால்கனியில். வெளியே நாற்பத்தாறு டிகிரி வெயில். யாரிடமாவது இதைச் சொன்னால், சொல்கிறவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவிலிருந்து பழைய கார்கள் வரும் கன்டெய்னரில் அது எப்படியோ சேர்ந்து வந்துவிட்டது. புல் வெட்டுவதா, மண் கிளறுவதா என்று அந்தக் கார்களை இறக்கி விற்கும் யார்டுக்காரனுக்கே தெரியவில்லை. பிரைட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் கனடாவுக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்திருந்த நேரம் அது. போய் இறங்கியதும் முதலில் தேவைப்படுவது இதுதான் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே தொட்டில் வாங்கிய கதை.

அன்றிலிருந்து வார நாளெல்லாம் கம்பெனி லிஃப்டுகளை ரிப்பேர் பார்ப்பான். லீவு நாளில் இந்த மிஷினோடு குடித்தனம். ஆயிலை மாற்றுவான், கெட்டுப்போகும் என்று பெட்ரோலை வடிப்பான், மறுபடி ஊற்றி ஓட்டிப் பார்ப்பான். பக்கத்து ஃப்ளாட் அஃபீஃபா நாற்றம் தாங்காமல் வாட்ச்மேனிடமே சொல்லிவிட்டாள். வாட்ச்மேன் வந்து கேட்டதற்கும் டெல்பின்தான் பல்லிளிக்க வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் ஆயிலோடாவது நின்றது. சில மாதங்களாகப் பைத்தியம் முற்றிவிட்டது. தரையை உரசிப் போகும் இரும்புத் தகடுகளைக் கழற்றிவிட்டுக் கனத்த நைலான் கட்டைகள் வைத்தான். பனியை வீசும் விசிறியின் ஓரங்களில் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டினான். பேரிங் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டான். கேட்டால், தேய்மானம் குறையணும் என்பான். ஓடாத மிஷின் எப்படித் தேயும் என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

சாக்ஸ் போனால் போகட்டும். அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வேறு. கனடா என்பது அவளுடைய நர்ஸ் வேலையை நம்பியது. அதற்கு இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மார்க் வேண்டும். சில மாதங்களுக்கு முன் மூன்றாவது தடவையும் எழுத்துத் தாளில் கோட்டை விட்டுவிட்டாள். வயதும் ஏறிவிட்டது, இனிமேல் முயற்சி செய்து பிரயோஜனமில்லை என்று துபாய் தேராவில் இருக்கும் விசா ஏஜென்ட் கௌஸ் முகைதீன் அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மட்டும் பாஸ் என்று சொல்லிவிட்டாள். பிரைட் உடனே மகள் அக்ஸாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேக் வாங்கி வந்தான். அக்ஸா ஸ்கூல் முழுக்கக் கனடா என்று சொல்லி வைத்தாள். ஃபைல் போயிருக்கிறது, பதில் வர நாளாகும் என்று டெல்பின் சமாளித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்த மிஷினுக்கு ஒவ்வொரு போல்ட்டாக முடுக்க முடுக்க, அவளுக்குப் பயம் ஏறும். உண்மை தெரிந்தால் இந்த மனுஷன் உடைந்துபோவான். அந்தப் பயமே கோபமாகி, தினமும் ஏதாவது ஒரு சாக்கில் வெளியே வந்து விழுந்தது.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"ஒருவேள கனடா கெடைக்காமப் போச்சுன்னா, இத என்ன செய்வீங்க? தலையில தூக்கி வச்சிட்டு ஊருக்கு, கொளச்சலுக்குப் போவீங்களா?"

பிரைட் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மிஷினை நிமிர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டான்.

"மணல் வாருவேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சாவதானமாக விளக்கினான். புயற்காற்று அடித்தால் பாலைவனத்தை ஒட்டிய வில்லாக்களின் வாசலில் மணல் குவிந்துவிடுகிறது. வில்லா மெயின்டனன்ஸ் பார்க்கும் சாதிக் பாட்ஷா ஆள் போட்டு வாரிச் சலித்துப்போயிருக்கிறார். போன வாரம் கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் டூட்டிக்குப் போனபின் மிஷினை அங்கே எடுத்துப் போய் ஓட்டிக் காட்டினான். மணல் பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்து லீவு நாளெல்லாம் இவனுக்கு அங்கே வேலை.

"பனி எதையும் தேய்க்காது, பிள்ள. மணல்தான் இரும்பத் தின்னும். நைலானும் ரப்பரும் ஒஞ் சாக்ஸும் பின்ன எதுக்காக்கும்?"

டெல்பின் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... கனடா?"

பிரைட் அவளைப் பார்க்காமல், கையில் இல்லாத கிரீஸை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரிசல்ட் வந்த அன்னைக்கு நீ பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுதேல்லா, நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். பிள்ளைக்குக் கேட்டிரப்பிடாதேன்னுதான், கேக் வாங்கணும்னு சொல்லி அவளையும் கூட்டிட்டுக் கீழ எறங்குனேன்."