போன வருஷத்துச் சாட்சி

காலை பத்தேகாலுக்குச் சாட்சி நேரம் தொடங்கியது.

ஜவ்வாது மலையில் நடந்த பெண்கள் ஜெப முகாமுக்கு ஹெப்சிபாதான் தலைவி. மேடையில் நின்றபடியே கண்ணால் லிடியாவைத் தேடிப் பிடித்தாள்.

"போன வருஷம் சொன்ன சாட்சியையே சொல்லு லிடியா. புதுசா வந்த சகோதரிங்க கேக்கட்டும்."

"இந்த வாட்டி வேணாங்க்கா. வேற யாராச்சும் சொல்லட்டும்."

"இன்னா நீ, புதுப்பொண்ணாட்டம் வெக்கப்படுற! கர்த்தர் செஞ்சத மறைக்கலாமா? வா."

பெண்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். அந்தக் கைகள் கதகதப்பாக இருந்தன.

லிடியா சொன்னாள். மகள் பெனிட்டாவுக்கு வலிப்பு வந்ததையும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததையும், இந்த முகாமில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவி, தானே மாத்திரையை நிறுத்தியதையும், அதற்கப்புறம் வலிப்பே வராததையும் சொன்னாள். போன வருஷம் முடித்த இடத்திலேயே முடித்துக்கொண்டாள்.

"அல்லேலூயா" என்று கூடமே அழுதது. அவளுக்கு அழுகை வரவில்லை.

சாப்பாட்டு வரிசையில், போளூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஷோபனா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"என் பையனுக்கும் வலிப்புதாங்க்கா. உங்க சாட்சியைக் கேட்டதும் பயமே போய்ட்ச்சு. வூட்டுக்குப் போனதும் மாத்திரையத் தூக்கிப் போட்டுடப் போறேன்."

லிடியா தட்டைக் கீழே வைத்தாள். ஜூலையில் பெனிட்டாவை அடக்கம் செய்த அன்றுகூட யாரும் அவளை இப்படி இறுகக் கட்டிப்பிடிக்கவில்லை.

ஷோபனா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பொண்ணு இப்ப எத்தனாவது படிக்குதுங்க்கா?"