விசாரிக்க வந்தவர்

"உங்க மாப்பிள்ளைக்கு எம் பொண்ணை ரெண்டாந்தாரமாக் குடுக்கலாம்னு இருக்கறமுங்க" என்றார் முருகானந்தம்.

சௌந்திரம் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேச்சேரியிலிருந்து ராசிபுரத்துக்கு அதற்காகவே வந்திருந்தார். விசாரிப்பெல்லாம் முடிந்துவிட்டதாம். முன்போல ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, செல்போனில் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும், ஏஐ இணையம் முழுக்கத் தேடி, சிதறிக் கிடப்பதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது என்றார். மாப்பிள்ளையின் படிப்பு, லாரி ஆபீஸ், சொந்த வீடு, முதல் மனைவி தீ விபத்தில் இறந்தது, அவளுக்கு ஒரு மகன் இருப்பது, வழக்கு எதுவும் இல்லாதது, எல்லாமே அதில் இருந்தன.

"இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

சுவரில் மகள் இலக்கியாவின் படத்துக்குப் போட்டிருந்த மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"சௌந்திரம், நீ உள்ள போ" என்றார் அவள் கணவர் பூபதி.

அவள் போகவில்லை.

"குடுக்காதீங்க சாமி. அது விபத்தில்லீங்க. எம் புள்ளைய அவந்தான் கொளுத்துனான். ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செத்தா."

சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மகள் போனதிலிருந்து அன்றுதான் மூச்சு முழுதாக வந்தது.

பூபதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

முருகானந்தத்தின் முகத்தில் பயம் வரும் என்று சௌந்திரம் காத்திருந்தாள். வந்தது இரக்கம்.

"பெத்த வயிறுங்க. அவரு மறுகல்யாணம் பண்றாருன்னா எரியத்தான் செய்யும்" என்றார். "அப்படி ஏதாச்சும் இருந்திருந்தா இதுல வந்திருக்குமுங்களே."

ஏஐ ஒவ்வொரு தகவலையும் எங்கிருந்து எடுத்தது என்றும் காட்டியிருந்தது. 'தீ விபத்து' என்ற வரிக்குக் கீழே விரலை வைத்தார். உள்ளூர்ச் சேனல் ஒன்றின் வீடியோ திறந்தது.

ஆஸ்பத்திரி வாசல். நீட்டிய மைக்குக்கு முன்னால், தலைவிரி கோலமாக ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள்.

"அடுப்பு வெடிச்சிருச்சுங்க. மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

அது சௌந்திரம்.

அப்படிச் சொன்னால் பேரனைக் கண்ணில் காட்டுவதாக மருமகன் அன்று வாக்குக் கொடுத்திருந்தான்.

இன்றுவரை காட்டவில்லை.